டாக்டர் பார்த்த பச்சை

ராஜப்பன்: ...அதான் கேக்கறன், அந்தக் கொழாய் எவ்ளோ தடிப்பு இருக்கும்? நான் ஓட்டற இந்தக் கம்பெனி வண்டி டீசல் டியூபு அளவா?

சென்னப்பன்: அவ்ளோ தடிப்ப வாயில எறக்குனா ரெண்டு மாசப் புள்ள தாங்குமாண்ணா. சைக்கிள் பிரேக் ஒயரு இருக்குதில்ல, மேலுறையோட... அதவிட ஒரு சுத்து பெருசு. நுனியில குட்டி வெளக்கு. டாக்டரு கையில வச்சிக் காட்னாரு.

ராஜப்பன்: அத வாய் வழியாவே வுட்டாங்களா.

சென்னப்பன்: வாய் வழியா வுட்டு, எரப்பையத் தாண்டி, கொடலு தொடங்கற எடம் வரைக்கும். ஈரல்ல இருந்து பித்தநீர் எறங்கற குழா அங்கதான் வந்து சேருதாம். அது அடைச்சிருந்தா காமால போகவே போகாது. அடைச்சிருக்குதா, தொறந்திருக்குதான்னு பாக்கத்தான் இந்தக் கொழாய்.

முனிலட்சுமி: மெதுவாப் பேசுங்க. இப்பத்தான் கண்ணு மூடுனான்.

ராஜப்பன்: தூங்கட்டும் தங்கச்சி. அத்திப்பள்ளி செக்போஸ்ட்டு வரைக்கும் லாரி நிக்குது. நாம மூக்கண்டப்பள்ளி போய்ச் சேர்றதுக்குள்ள உம்மவன் நடக்கவே கத்துக்குவான்.

சென்னப்பன்: நடப்பான்ணா. நடக்காம என்ன.

ராஜப்பன்: சரி, முடிவச் சொல்லு. அடைப்பா, தொறப்பா?

சென்னப்பன்: தொறந்திருக்குது.

ராஜப்பன்: அட, இத மொதல்ல சொல்றத வுட்டுட்டு... நான் ஆஸ்பத்திரி வாசல்ல உங்க ரெண்டு பேரு மூஞ்சியப் பாத்துட்டு, கேக்கவே பயந்துனு இருந்தன்.

சென்னப்பன்: தூக்கம் இல்லாத மூஞ்சி. நேத்து காலையில கொழாய் வுட்டாங்க, இன்னிக்கி மதியம் வரைக்கும் பக்கத்துலயே வச்சிப் பாத்தாங்க. அவ ரெண்டு நாளா கண்ணு மூடல.

ராஜப்பன்: தலைக்கு வந்தது தலைப்பாவோட போச்சுன்னு நெனச்சிக்க தங்கச்சி. அதுக்கு ஏன் தேள் கொட்டுன திருடி மாதிரி ஒக்காந்திருக்க?

முனிலட்சுமி: ஒண்ணுமில்லண்ணா... தலவலி.

ராஜப்பன்: அப்ப அந்த அறுக்கற சமாச்சாரம்?

சென்னப்பன்: இல்ல. வர்ற திங்கக்கெழமை தேதி குறிச்சி வச்சிருந்தாங்க. வயித்தத் தொறந்து, கொடல எடுத்து நேரா ஈரல்லயே தச்சிடறதாம். இப்ப அது வேணாம்னு அடிச்சிட்டாங்க. ஒரு மாசம் கழிச்சி வந்து காட்டுன்னாங்க, அவ்ளோதான்.

ராஜப்பன்: ஒரு மாசமா. அப்ப கண்ணுல இருக்கற மஞ்ச?

சென்னப்பன்: தானா எறங்கிடும்.

முனிலட்சுமி: தானா எறங்கிடும்னு அவரு சொன்னாரா, நீங்க சொல்றீங்களா?

சென்னப்பன்: அவரு சொன்னதத்தான சொல்றன்.

முனிலட்சுமி: எங்கிட்ட ஒண்ணும் சொல்லலயே. உங்களத்தான உள்ள கூப்ட்டுப் பேசுனாரு.

சென்னப்பன்: பேசுனாரு... எல்லாம் நல்லதுதான் பேசுனாரு.

ராஜப்பன்: நல்ல டாக்டருதானே?

சென்னப்பன்: தங்கமான மனுசன்ணா. வெளிநாட்டுல போயிக் கத்துனு வந்தவரு. மொத நாளே ஒக்கார வச்சி, ஒண்ணும் மறைக்காம சொன்னாரு. இவ்ளோ சின்னக் கொழந்தைக்கு இந்தக் கொழாய் நம்ம பக்கத்துல அதிகம் யாரும் போட்டதில்ல, நானே போட்டத கைவெரலு விட்டு எண்ணிடலாம்னாரு. மயக்க ஊசியில மூச்சு நின்னு போலாம். கொடல்ல ஓட்ட விழலாம். கணையம்னு ஒண்ணு இருக்குதாம், அது வீங்கிக்கினா ஒரு வாரம் சொட்டுப் பாலு கூடாதாம். எல்லாத்தையும் சொல்லிட்டு, இப்பக் கையெழுத்துப் போடறியான்னாரு.

ராஜப்பன்: நானா இருந்தா ஓடி வந்திருப்பன்.

சென்னப்பன்: எனக்கும் அப்பிடித்தான் தோணிச்சு. அவரு சொன்னாரு, அடைப்பு இல்லன்னு தெரிஞ்சா, வீணா ஒரு கொழந்த வயித்த அறுக்காம தப்பிக்கலாமில்ல, அதுக்காவத்தான் இந்த ஆபத்து எடுக்கறோம்னு. அந்த ஒரு வார்த்தைக்குத்தான் போட்டன்.

ராஜப்பன்: கொழாயி நல்லபடியாப் போச்சா?

சென்னப்பன்: கொடலு வரைக்கும் போச்சு. ஆனா அந்தக் குழா வாய் இருக்குதில்ல, அதுக்குள்ள கம்பி நொழையல. கடுகு அளவு ஓட்டையாம். ரெண்டு வாட்டி பாத்துருக்காரு. மூணாவது வாட்டி தள்ளுனா கிழியும்னு வெளிய எடுத்துட்டாரு. எனக்கு அது புடிச்சிது. எங்க கம்பெனியில புதுசா வர்ற பசங்க, ஓட்டையில மரை போடற டேப்பு எறங்கலன்னா முறுக்குவானுங்க பாரு, டேப்பும் போயி, வேலையும் போயி... தெரிஞ்சவன் கைய எடுத்துடுவான்.

முனிலட்சுமி: உள்ள நொழையவே இல்லன்னா, தொறந்திருக்குதுன்னு எப்பிடிச் சொன்னாங்க?

சென்னப்பன்: அதான் நேத்தே சொன்னனே.

முனிலட்சுமி: இன்னொரு வாட்டி சொல்லுங்க.

சென்னப்பன்: கொடல்ல பச்சத்தண்ணி தெரிஞ்சிதாம். பித்தநீரு பச்ச மஞ்சளாத்தான் இருக்குமாம். அடைச்சிருந்தா கொடல்ல அது எப்பிடி வரும்? வந்திருக்குதுன்னா வழி இருக்குதுன்னு அர்த்தம்.

முனிலட்சுமி: பச்சையா... மஞ்சளாவா?

சென்னப்பன்: ரெண்டும் ஒண்ணுதான்.

முனிலட்சுமி: எப்பிடி ஒண்ணாவும்? எந்த மாதிரிப் பச்ச?

சென்னப்பன்: பச்சன்னா பச்ச. நான் என்ன உள்ள எட்டியா பாத்தன்?

ராஜப்பன்: ஏன்பா, அவ கேக்கறதுல இன்னா தப்பு? பெத்தவ. கேப்பா.

சென்னப்பன்: நேத்துல இருந்து இதையேதான் கேக்கறாண்ணா. ராத்திரி எழுப்பிக் கேக்கறா.

ராஜப்பன்: வுடு. ஓசூர்ல எறங்கி அரக்கிலோ இனிப்பு வாங்கினு போலாம். உங்க லைன் வூட்டுல எல்லாரும் வாசல்லயே இருப்பாங்க. உங்க பக்கத்து வூட்டுப் பாப்பம்மா காலையிலயே கேட்டா, சேதி எதனா வந்துதான்னு.

சென்னப்பன்: வாங்கலாம். ஒரு கிலோவா வாங்கலாம்.

முனிலட்சுமி: அண்ணா, கொஞ்சம் ஓரமா நிறுத்துங்க. துணி நனஞ்சிட்டான். வெளிக்கிப் போயிட்டான்.

ராஜப்பன்: வண்டி நின்னுதான இருக்குது, நான் எங்க நிறுத்தறது. மாத்து.

முனிலட்சுமி: அந்தப் பையில இருந்து வேற துணி எடுங்க... அது இல்ல, சேல கிழிச்சது.

ராஜப்பன்: நான் திரும்பிக்கலாமா, இல்ல... தங்கச்சி, இது இன்னா இது?

முனிலட்சுமி: ஒண்ணுமில்லண்ணா.

ராஜப்பன்: எனக்கும் நாலு பொறந்துது. மஞ்சளாப் போவும், பச்சையாப் போவும். இப்பிடி சுண்ணாம்பு கொழச்ச மாதிரி நான் பாத்ததில்லயே.

முனிலட்சுமி: இவன் பொறந்ததுல இருந்து இப்பிடித்தான்ணா போறான். ஓசூர்ல தொழிலாளி ஆஸ்பத்திரி டாக்டரம்மாதான் மொதல்ல கேட்டாங்க, துணியக் கொண்டா பாக்கலாம்னு. பாத்த ஒடனே மொகம் மாறிப் போச்சு. ஈரல்ல இருந்து பித்தம் எறங்குனாத்தான் மலத்துக்கு நெறமே வரும், இது எறங்கவே இல்ல, பெங்களூருக்கு ஓடுன்னாங்க.

ராஜப்பன்: இப்பத்தான் எறங்குதுன்னு டாக்டரு சொல்லிட்டாரே.

முனிலட்சுமி: அதத்தான்ணா நானும் நேத்துல இருந்து யோசிக்கறன். எறங்குதுன்னா, இது ஏன் இன்னும் வெள்ளையாவே இருக்குது?

சென்னப்பன்: ஒரே நாள்ல மாறுமா? இன்னிக்கித் தண்ணி வுட்டா இன்னிக்கே கதுரு வருமா?

முனிலட்சுமி: நேத்து மூணு வாட்டி போனான். இன்னிக்கி ரெண்டு. எல்லாத் துணியையும் மடிச்சி வச்சிருக்கன். எதுலயும் ஒரு பொட்டு மஞ்ச இல்ல.

சென்னப்பன்: துணிய மடிச்சி வச்சினு அதையே பாத்துனு இருந்தா, பைத்தியம்தான் புடிக்கும். தூக்கி வெளிய போடு.

ராஜப்பன்: லாரி நவுருது... ஆங். நின்னுட்டான். ஏன் சென்னப்பா, இத டாக்டருகிட்ட காட்டுனியா?

சென்னப்பன்: அவருக்குத் தெரியாததாண்ணா.

முனிலட்சுமி: ஏங்க... அவரு உள்ள கூப்ட்டுப் பேசுனப்ப, உங்கள வேற ஒண்ணும் கேக்கலயா?

சென்னப்பன்: வேற என்னா கேப்பாரு. ஊரு எது, பஸ்ஸுல வர்றியா வண்டியில வர்றியான்னு கேட்டாரு.

முனிலட்சுமி: கொழந்தைக்கு எதனா குடுத்தீங்களான்னு?

சென்னப்பன்: ...ஏன் கேக்கற?

முனிலட்சுமி: சும்மா கேட்டன்.

சென்னப்பன்: கொழாய்க்கு முன்னால பட்டினி போட்டதுக்கு உங்கிட்டதான கேட்டாங்க. நர்ஸம்மா கேட்டா, நீ பதில் சொன்ன. நான் பக்கத்துலதான நின்னன்.

முனிலட்சுமி: ஆமா. கன்னடத்துல கேட்டா. பாலு குடுத்தியான்னு. இல்லன்னு சொன்னன். அது பொய்யில்ல. சாமி சத்தியமா பாலு குடுக்கல. ராத்திரி பூரா மாரு கட்டினு வலிச்சிது, பிழிஞ்சி கீழ வுட்டன். அவன் வாயில ஒரு சொட்டு வக்கல.

ராஜப்பன்: அதான் நல்லது. மயக்கத்துல பாலு மேல ஏறுனா மூச்சு அடைச்சிடும்னு எங்க மச்சான் பையனுக்குக்கூட சொன்னாங்க.

முனிலட்சுமி: அண்ணா, உங்களுக்குத் தெரியுமா, இவன் வயித்துல சூடு இருக்குது.

ராஜப்பன்: காய்ச்சலா?

முனிலட்சுமி: இல்ல, போட்ட சூடு. தொப்புளுக்கு மேல மூணு கோடு. பேரிகையில எங்கம்மா வூட்டுல இருக்கும்போது, மஞ்சக் காமாலைக்கு சூடு வக்கறவங்ககிட்ட தூக்கினு போயிட்டாங்க. பொறந்து இருவது நாளு. இவரு வந்து பாத்துட்டு ஆடுன ஆட்டம் இருக்குதே...

சென்னப்பன்: இப்ப எதுக்கு அது?

முனிலட்சுமி: எங்கம்மாவ வூட்டு வாசல்ல நிக்க வச்சி, தெருவே கேக்கத் திட்டுனாரு. எனக்கு ஒரு அறை. புள்ளையத் தூக்கினு, சட்டகூட மாத்தாம ஓசூருக்கு வந்துட்டாரு. அன்னிக்கே சொல்லிட்டாரு, இனிமே ஒரு இல, ஒரு வேரு இவன் வாயில போச்சுன்னா, நீ உங்கம்மா வூட்டுலயே இருந்துக்கன்னு.

ராஜப்பன்: கோவத்துல சொல்றதுதான். அதுல ஞாயமும் இருக்குதே தங்கச்சி.

முனிலட்சுமி: ஞாயம்தான்ணா. அதான் நானும் ஒரு மாசம் ஒண்ணும் குடுக்கல. ஆனா போன வாரம் அறுக்கறதுக்குத் தேதி வச்சிட்டாங்கன்னு தெரிஞ்ச ஒடனே, எங்கம்மா செல்வம்மாள அனுப்பிச்சாங்க.

ராஜப்பன்: எந்த செல்வம்மா? பேரிகையில கீழாநெல்லி குடுக்கறாங்களே, அந்தம்மாவா?

முனிலட்சுமி: அவங்கதான். மூணு விடியக்காலம், வெறும் வயித்துல. ரெண்டு நாளு வூட்டுலயே குடுத்துட்டன். இவரு ஷிப்டுக்குப் போனப்புறம். ஆட்டுப் பாலுல கொழச்சி, சுண்டைக்கா அளவு. நானும் உப்பில்லாம, எண்ணெயில்லாம பத்தியம் இருந்தன். மூணாவது நாளு... ஆஸ்பத்திரியில விடிஞ்சிது.

ராஜப்பன்: தங்கச்சி.

முனிலட்சுமி: நடுவுல வுட்டா மருந்து எதுத்துக்கும்னு சொல்லி அனுப்புனாங்கண்ணா. அதுவும் இல்லாம, ராத்திரி பூரா பட்டினி கெடக்கறான், இதவிட நல்ல வெறும் வயிறு எப்ப கெடைக்கும்னு தோணிச்சு. அந்த ஆஸ்பத்திரிக்காரங்க பட்டினி போடச் சொன்னதே நம்ம மருந்துக்காவத்தான்னு நெனச்சன். என் புத்தி அப்பிடிப் போச்சு. உருண்டைய மாத்திர டப்பியில வச்சினு வந்திருந்தன். ஆறு மணிக்கி, கக்கூஸ் கதவ சாத்தினு...

ராஜப்பன்: பாலுலயா?

முனிலட்சுமி: பாலு கூடாதுன்னாங்களேன்னு வெந்நீருல கொழச்சன். அவங்க சொன்னத மீறலண்ணா. வெறும் தண்ணிதான்னு நெனச்சன். மூணு சங்கு குடிச்சான். பசியில சப்பிச் சப்பிக் குடிச்சான். எட்டு மணிக்கி உள்ள தூக்கினு போனாங்க.

ராஜப்பன்: அடப்பாவமே. மூச்சுக் குழாயில ஏறியிருந்தா?

முனிலட்சுமி: ஏறல. அந்தக் கண்டம் தாண்டிட்டான். அத நெனச்சி, கதவு தொறந்து அவன வெளிய கொண்டாந்தப்ப, செல்வம்மா மருந்துதான் காப்பாத்துச்சுன்னு கும்புட்டன். அப்பறம்தான் இவரு வந்து சொல்றாரு, டாக்டரு கொடல்ல பச்சையப் பாத்தாராம், அதனால அறுக்க வேணாமாம்னு. அப்பல இருந்துதான் துணிய மடிச்சி வக்கறன்.

சென்னப்பன்: அது பித்தம்தான்.

முனிலட்சுமி: ஏங்க, அது நான் குடுத்த எல. அவன் பித்தம் இல்ல. இந்தத் துணியப் பாருங்க. இதுதான் நெசம். குழா அடைச்சித்தான் இருக்குது.

சென்னப்பன்: நீ ஒண்ணும் டாக்டரு இல்ல.

முனிலட்சுமி: ரெண்டு மாசத்துக்குள்ள அறுத்தாத்தான் பலன், அதுக்கு மேல ஈரலு கல்லாப் போயிடும்னு சொன்னாங்க இல்ல? இன்னிக்கி அம்பத்தெட்டு நாளு. அவங்க ஒரு மாசம் கழிச்சி வரச் சொல்றாங்க. ஒரு மாசம் கழிச்சி என்னாத்தக் காட்டறது?

ராஜப்பன்: சென்னப்பா, இவ சொல்றது எனக்கே புரியுது. நீ இன்னா சொல்ற?

சென்னப்பன்: வூட்டுக்குப் போலாம்ணா. புள்ள களச்சிப் போயிருக்கான். காலையில ஓசூர்ல போன் பண்ணிக் கேக்கலாம்.

முனிலட்சுமி: காலையில அம்பத்தொம்போது.

சென்னப்பன்: ஒரு நாள்ல என்னா ஆயிடும்.

முனிலட்சுமி: தேதிய அடிச்சிட்டாங்கன்னு நீங்கதான சொன்னீங்க. அந்த எடத்த வேற யாருக்காச்சும் குடுத்துட்டா? அண்ணா, வண்டியத் திருப்புங்க.

சென்னப்பன்: வேணாம்ணா.

முனிலட்சுமி: திருப்புங்கண்ணா. இல்லன்னா கதவத் தொறங்க, நான் எறங்கி நடக்கறன். அந்தப் பக்கம் பஸ்ஸு வருது.

ராஜப்பன்: எறங்காத. இரு. அந்தக் கல்லு லாரி போவட்டும், சந்து இருக்குது... கம்பெனியில கேட்டா டயரு பஞ்சர்னு சொல்லிக்கறன். புடிச்சிக்க, குலுங்கும்.

சென்னப்பன்: அண்ணா, சொன்னாக் கேளுங்க...

ராஜப்பன்: நீ சும்மா இருப்பா. நாலு பெத்தவன் நான், அதுல ரெண்ட மண்ணுல வச்சவன். திருப்பிட்டன்.

முனிலட்சுமி: டாக்டரு திட்டட்டும். அந்த நர்ஸு எல்லாரு முன்னாலயும் அடிக்கட்டும். நான் பொய் சொன்னன், எல குடுத்தன்னு அவரு கால்ல வுழுந்து சொல்லிடறன். மறுபடி கொழாய் வேணாம், நேரா திங்கக்கெழம அறுத்துடுங்கன்னு கேக்கறன்.

ராஜப்பன்: கேளு. அவரும் புள்ள பெத்தவராத்தான இருப்பாரு.

முனிலட்சுமி: ஏங்க...

சென்னப்பன்: ம்.

முனிலட்சுமி: சூடு போட்டதுக்கே அந்த ஆட்டம் ஆடுனீங்க. இப்ப புள்ள உசுருக்கே ஒல வச்சிட்டு வந்து ஒக்காந்திருக்கன், ஒரு வார்த்த திட்டலயே. ஏன் என்னத் திட்ட மாட்டேங்கறீங்க?

சென்னப்பன்: எனக்கு நேத்தே தெரியும் முனி. நர்ஸு தூக்க வந்தப்ப இவன் தாடையில பச்ச ஒட்டினு இருந்துது, துண்டால தொடச்சது நான்தான். அப்பறம் உள்ள கூப்ட்டு டாக்டரு மூணு வாட்டி கேட்டாரு, இந்தப் பச்ச கொஞ்சம் கருப்பா இருக்குதே, இலச்சாறு ஏதாச்சும் குடுத்தீங்களான்னு. மூணு வாட்டியும் இல்லன்னு சொன்னன். அறுத்தாலும் பத்துல மூணுதான் தேறும்னு அவரு மொத நாளே சொல்லிட்டாரு, உங்கிட்ட நான் சொல்லல. நம்ம புள்ள அந்த மூணுல வரமாட்டான்னு எனக்குப் பட்டுது... மேச மேல கிழிபட்டுப் போறதுக்கு, உம் மடியிலயே போவட்டும்னு வுட்டுட்டன்.